வாளிக்காரருக்கு நான் சொன்ன அட்டை

மொன்றியலில் நம்முடைய கடைக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கதவுக்குப் பக்கத்தில் இசைத்தட்டு அடுக்கியிருக்கிற சின்ன ராக்கையைத்தான். வேலை செய்கிற ஒவ்வொருவரும் தாங்கள் விரும்பின ஐந்து இசைத்தட்டை அதில் வைக்கலாம். ஒவ்வொன்றுக்குக் கீழேயும் ஒரு அட்டை. அதை ஏன் கேட்க வேண்டும் என்று அட்டையில் நாலு வரி. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் வருகிற மாதம் முதல் அட்டை எழுதப் போகிறீர்கள் என்று என்னோடு வேலை செய்த நிரோஜா சொன்னாள். எழுதுவதற்கு முன் இதைப் படியுங்கள். உங்களில் தமிழ் தெரிந்த இரண்டு பேரும் தாங்களே படிக்கட்டும். மற்றப் பிள்ளைக்கு நிரோஜா பிரெஞ்சில் சொல்லுவாள்.

நான் எழுதுகிற எழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. நிரோஜா எழுத்துப் பிழையைத் திருத்தலாம் என்று விட்டிருக்கிறேன். சொல்லைத் திருத்த விடமாட்டேன்.

பன்னிரண்டு வருடம் இந்தக் கடையில் வேலை செய்தேன். முதலில் பின் அறையில் பழைய இசைத்தட்டுகளைக் கழுவுகிற வேலை. கழுவி, துடைத்து, கீறல் இருக்கிறதா என்று பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டும். கீறலுக்காகத்தான் காதைக் கொடுத்தேன். போகப் போகக் கீறலை மறந்து பாட்டைக் கேட்கத் தொடங்கினேன். ஒரு நாள் முதலாளி பின் அறைக்கு வந்து, நான் சுவரோடு தனியாகச் சாய்த்து வைத்திருந்த நாலைந்தைப் பார்த்தார்.

"மதாம், இதெல்லாம் கீறின றெக்கோட்டோ?"

"இல்லை. இதுகள் எனக்குப் பிடிச்சது. கடைசியாய்க் குடுப்பம் எண்டு வைச்சிருக்கிறன்."

அவர் பிரெஞ்சில் கேட்டார். நான் என்னிடம் இருந்த பிரெஞ்சில் சொன்னேன். இங்கே எல்லாரும் கதைத்தது எனக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே தமிழில் எழுதுகிறேன். அவர் அந்த நாலைந்தையும் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் பிரித்தானியாவில் புதிதாகக் கிளம்பின சின்னச் சின்ன ராக் குழுக்கள் என்றார். பெரிய கம்பெனி எதுவும் கைகொடுக்காமல் தாங்களே தட்டு அடித்து விற்கிற பிள்ளைகளாம். அது எனக்குத் தெரியாது. அந்தக் கிழமையே ராக்கையில் எனக்கு ஐந்து இடம் தந்தார். ஒரு விதி மட்டும் சொன்னார்: முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இந்தக் கடைப் பிளேயரில் கேட்காத எதற்கும் அட்டை எழுதக்கூடாது. கடையில் அதைப் போட்டுக் காட்டுவதும் அட்டை எழுதினவரின் வேலைதான். இது இன்றைக்கும் உள்ள வழக்கம்.

குழுக்களின் பெயர் எனக்கு நிற்பதில்லை. உறையில் இருக்கிற படத்தை வைத்துத்தான் சொல்லுவேன். கிளாஸ்கோவில் இருந்து வந்த உடைந்த குடைக்காரர் இருக்கிறார்களே, இரண்டு சகோதரிகளும் ஒரு ட்ரம்ஸ் அடிக்கிறவரும், அவர்களைக் கட்டாயம் கேளுங்கள். அந்த ட்ரம்ஸ்காரர் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தித்தான் அடிப்பார். பார்க் அவெனியூவில் ஓடி வருகிறவருக்காகக் கதவை மூடாமல் காத்து நிற்கிற பஸ் சாரதி மாதிரி. ஷெஃபீல்டில் இருந்து ஒருவன், உறையில் கண்ணாடி நாய் போட்டவன், அவன் பாடுவதில்லை, கதைக்கிறான். முதல் தரம் கேட்டபோது வீட்டுச் சொந்தக்காரனோடு சண்டை பிடிக்கிறான் என்று நினைத்தேன். மூன்றாம் தரம் கேட்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் சண்டையில் அவன் பக்கம் சேர்ந்துவிட்டேன். கார்டிஃபில் இருந்து வருகிற பச்சைக் கதிரைக்காரருக்குக் கிற்றார்தான் எல்லாம். உடுப்புத் தோய்க்கிற லோண்டரியில் எல்லா மெசினும் ஒன்றாகச் சுற்றுகிற இரைச்சல், அதற்கு நடுவில் ஒரு பெண் தனக்குத்தானே முணுமுணுப்பாள். குளிர் நாளில் அதைப் போட்டுக்கொண்டு சமையுங்கள்.

இப்படித்தான் நான் தமிழில் சொல்லுவேன். நிரோஜா பிரெஞ்சிலும் இங்கிலீசிலும் அட்டையில் எழுதுவாள். அவள் கடையின் முன்பக்கத்தைப் பார்க்கிறவள், இங்கேயே பிறந்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும், என்னை அன்ரி என்று கூப்பிடுவாள். ஏன் நீங்களே எழுதக்கூடாது என்று தொடக்கத்தில் கேட்டாள். என்ரை கையெழுத்து வடிவில்லை பிள்ளை என்றேன். அட்டை சொன்ன பதினொரு வருடமும் அந்தப் பதிலோடுதான் ஓடினேன். எனக்கு இங்கிலீசும் பிரெஞ்சும் வாசிக்கவே தெரியாது என்பது கடையில் ஒருவருக்கும் தெரியாது. இலக்கம் தெரியும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று உறையிலே முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து என இலக்கத்தில் இருந்தால் பிளேயரை அந்த வேகத்துக்கு வைப்பேன். இலக்கம் இல்லையென்றால் எனக்கு ஒரு கணக்கு இருந்தது: பெரிய தட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும், சின்னத் தட்டு வேகமாக. அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. அதனால் அது கணக்குத்தான் என்று நம்பிவிட்டேன்.

நான் சொன்னதைக் கேட்டு வாங்குகிற ஆட்கள் இருந்தார்கள். மதாமின் அட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். அதில் எனக்குப் பெருமை. இப்போதும் பெருமைதான், அதை மறைக்கப் போவதில்லை.

போன வருடம் கார்த்திகை மழையில் ஒரு பெட்டி வந்தது. இங்கிலாந்தின் வடக்கில் ஒரு ஊரில் இருந்து நாலு பேர் தாங்களே அனுப்பினது. இருபத்தைந்து தட்டு, பெரிய அளவு. உறையில் ஒரு மஞ்சள் வாளி. கடை திறக்க முன் ஒன்றை எடுத்துப் போட்டேன்.

அதில் ஒரு ஆண் குரல். ஆழமான குரல். பாடுகிறவர் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து, கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்துகொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. ட்ரம்ஸ் புதுப் பனியில் கால் வைக்கிற சத்தம். பேஸ் கிற்றார் தரையில் இருந்தே வருகிறது. பாட்டு எங்கே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவசரம் இல்லாமல் போகிறது. இந்தக் காலத்தில் அவசரப்படாத ஒருவரைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. இரண்டு பக்கமும் கேட்டேன். பிறகு திரும்பவும் கேட்டேன். கடை திறக்கிற நேரமாகியும் நான் தட்டுக் கழுவப் போகவில்லை.

நிரோஜா வந்தவுடன் பேனையை எடுக்கச் சொன்னேன்.

"எழுது பிள்ளை. இந்த மனிசன் அவசரப்படேல்லை. நீங்களும் அவசரப்படாதேங்கோ. கோட்டைக் கழட்ட முதல் இதைப் போடுங்கோ."

அவள் எழுதிக்கொண்டே உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அன்ரி, பின்னுக்குப் படத்திலை நாலு பொம்பிளையள் எல்லோ நிக்கினம்."

"பாடுறவர் படம் எடுத்தவராயிருக்கும்."

"நாலு பேருக்கும் பேர் போட்டிருக்கு. எல்லாம் பொம்பிளைப் பேர்."

"காதாலை கேட்டது நான். கண்ணாலை பாக்கிறது நீ. அட்டை எழுதிறது ஆற்றை பேரிலை?"

"சரி, சரி. உங்கடை பேரிலைதான்."

அவள் அப்போதே அந்தத் தட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் தட்டுப் போட்டுக் காட்டுகிற நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் நிரோஜா மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். முதலாளியோ வயதான தாய்க்குச் சுகமில்லை என்று தூர ஊருக்குப் போய் ஒரு மாதமாகியிருந்தது. அதனால் வாளிக்காரரின் பாட்டைக் கடையில் கேட்டவர்கள் நானும் வாடிக்கையாளரும்தான். கேட்டவர்கள் வாங்கினார்கள். மூன்று சனிக்கிழமையில் பதினெட்டு போய்விட்டது. எங்கள் கடையில் எது போகிறது என்று ரொறன்ரோவில் இரண்டு கடை பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களும் வாளிக்காரருக்கு எழுதி ஆளுக்கொரு பெட்டி எடுப்பித்தார்கள்.

நாலாம் கிழமை ஒருவர் திரும்பி வந்தார். துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறவர், பெரிய உருவம், மெல்லிய குரல்.

"மதாம், நீங்கள் போட்ட பாட்டு இதிலை இல்லை."

நான் வாங்கி, கடைப் பிளேயரில் போட்டேன். அதே மனிதன், அதே கதிரை, அதே பனி.

"இதுதானே?"

"ஓம், இதுதான். ஆனால் வீட்டை இது வரேல்லை. ஆரோ ஒரு பொம்பிளை துள்ளித் துள்ளிப் பாடுறா."

"அப்ப உங்கடை மெசின் பிழை. திருத்தக் குடுங்கோ."

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தக் கிழமைக்குள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஆற்றின் அக்கரையில் புரோசார்டில் இருந்து ஒரு ஆசிரியை பாலம் கடந்து பனியில் வந்து, தட்டை மேசையில் வைத்து, இது என்ன விளையாட்டு என்று கேட்டா. ஒவ்வொரு தரமும் நான் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு தரமும் சரியாகப் பாடியது. அவர்களும் குழம்பினார்கள், நானும் குழம்பினேன். ஒரே தட்டு ஒரு வீட்டில் ஆணாகவும் இன்னொரு வீட்டில் பெண்ணாகவும் பாடுமா? நான் சில இரவு நித்திரை கொள்ளவில்லை.

நிரோஜா முதலாளிக்கு ரெலிபோன் எடுத்தாள். அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கதைத்தார். தட்டு அடிக்கும்போது இரண்டு குழுவின் பாட்டு மாறிப் பதிந்திருக்கும், மிச்சத்தை உடனே திருப்பி அனுப்பு, பழுது என்று கடிதம் வை, ரொறன்ரோக் கடைகளுக்கும் சொல்லு என்றார். பழுது என்று அவர் வாயால் வந்தால் மற்றக் கடைக்காரர் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். வாளிக்காரர் நாலு பேரும் வருகிற வெள்ளிக்கிழமை மொன்றியலுக்குப் பாட வருகிறார்கள். பின்நேரம் எங்கள் கடையிலும் நாலு பாட்டுப் பாடுவதாகப் பேச்சு. கடல் கடந்து அவர்கள் அனுப்பின முதல் தட்டு அதுதான். வந்து இறங்க முன்னமே அது பழுது என்று பெயராகப் போகிறது.

வியாழக்கிழமை காலை நிரோஜா பின் அறையில் இருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். பொதி எடுக்கிற ஆள் மூன்று மணிக்கு வருவார். அப்போதுதான் லொறிக்காரர் திரும்ப வந்தார். இரண்டு கையாலும் தன்னுடைய பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மதாம், நீங்கள் சொன்னபடி திருத்தக் குடுத்தன். அவன் ஒரு பிழையும் இல்லை எண்டுறான். நீங்களே பாருங்கோ."

மேசையில் வைத்து வயரைக் கொழுவினார். உள் உறையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பிறகு விரலால் ஒரு விசையைத் தள்ளிவிட்டு ஊசியை வைத்தார். ஒரு சின்னப் பெண் குரல் பாய்ந்து வந்தது. ட்ரம்ஸ் படியில் ஓடி இறங்குகிறது. நான் உடனே கடைப் பிளேயரில் என் தட்டைப் போட்டேன். கதிரையில் இருக்கிற மனிதர் பாடினார். லொறிக்காரர் குனிந்து என் பிளேயரைப் பார்த்தார்.

"இது முப்பத்துமூண்டிலை நிக்குது. இதிலை நாப்பத்தைஞ்சிலை போடச் சொல்லி இருக்கு."

"எங்கை இருக்கு?"

அவர் உள் உறையில் விரல் வைத்துக் காட்டினார். இலக்கத்தில் இல்லை. யாரோ பேனையால் எழுதின மாதிரி இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அது எறும்பு வரிசை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"வேணுமெண்டுதான் மெதுவாப் போட்டனீங்கள் என்ன? கெட்டிக்காரி. இப்பிடித்தான் நல்லாயிருக்கு."

நான் ஓம் என்றேன்.

பிள்ளைகளே, பெரிய தட்டை மெதுவாகப் போட்டது அறியாமல் செய்தது. இந்த ஓம் அறிந்து செய்தது. அவர் தட்டையும் பிளேயரையும் தூக்கிக்கொண்டு சந்தோசமாகப் போனார். இனி உண்மை தெரிந்தது எனக்கு மட்டும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் மூன்று மணிக்குப் பெட்டி போய்விடும், என் அட்டைகள் ராக்கையில் நிற்கும், பழுது வாளிக்காரருடையதாகிவிடும். அவர்களை எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. பதினொரு வருடமாகக் காப்பாற்றினது ஒரு பக்கம். நான் ஒருநாளும் காணாத நாலு பேர் மறுபக்கம்.

உடனே எழும்பிப் போனேன் என்று சொல்ல எனக்கு விருப்பம். அப்படி நடக்கவில்லை. முதலில் கை கழுவினேன். பிறகு கழுவின தட்டையே திரும்பக் கழுவினேன். இரண்டு மணி தாண்டிவிட்டது. நிரோஜா பெட்டியை ஒட்டுகிற ரேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் எழும்பினேன்.

"பிள்ளை, பெட்டியை ஒட்டாதை. றெக்கோட்டிலை பிழை இல்லை. நான் வேகத்தை மாறிப் போட்டுட்டன்."

"என்ன கதை அன்ரி? உள் உறையிலை எழுதியிருக்கே. நீங்கள் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். வாசிக்கத் தெரியாது."

அவள் ரேப்பைக் கீழே வைத்தாள்.

"எது வாசிக்கத் தெரியாது?"

"இங்கிலீசும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. ஒண்டும் தெரியாது."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் பாவம் பார்ப்பாள் என்று. இரண்டும் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"பதினொரு வருசம் நான் எழுதித் தாறன். எழுதிப் போட்டு உங்களிட்டைக் காட்டுறனான். நீங்கள் பாத்துத் தலையாட்டுறனீங்கள். அப்ப நான் என்ன எழுதினாலும் ஓமெண்டிருப்பியள், என்ன? ஒருநாள் ஒரு பிழை விட்டிருந்தால்?"

"நீ பிழை விடமாட்டாய்."

"அது உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

  அவள் பெட்டியை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்.

"காலமை ரெண்டு கடைக்கும் பழுதெண்டு சொல்லிப் போட்டன். இனித் திருப்பிச் சொல்ல வேணும். பிளேயரைச் சுத்திற பெல்ட் மாத்தினது நான். பெல்ட் இழுபட்டு மெதுவாச் சுத்தினது, என்ரை பிழை எண்டு சொல்லுறன். உங்கடை பேர் வராது."

பாருங்கள், கோபத்தோடு நிற்கிறவள் சொல்லுகிறாள். எனக்கு அதை எடுத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. கை நீட்டினால் போதும். ஆனால் பெல்ட் பிழை என்றால் அந்தப் பிளேயரில் கேட்டு எழுதின அத்தனை அட்டையும் சந்தேகம். நிரோஜாவின் கையும் சந்தேகம். என்னுடைய ஒரு பிழையை மறைக்க மற்ற எல்லாரையும் பிழையாக்க வேண்டும்.

"வேண்டாம். நடந்ததைச் சொல்லு. வாசிக்கத் தெரியாத ஒரு மனிசி மாறிப் போட்டவ எண்டு சொல்லு."

"உண்மையாவோ?"

"ரெலிபோனை எடு, மனம் மாற முதல்."

அவள் ரொறன்ரோவுக்குச் சொன்னாள். பிறகு முதலாளிக்கு எடுத்து ரெலிபோனை என்னிடம் தந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பின்னால் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது.

"மதாம், முதலிலையிருந்து கடைசி வரைக்கும் கேட்டனீங்களோ?"

"ஓம்."

"கடைப் பிளேயரிலையோ?"

"ஓம்."

"அப்ப அட்டையிலை இருக்கிறது பொய்யில்லை. ஆனால் அப்பிடி ஒரு றெக்கோட் உலகத்திலை இல்லை. இதுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்கும் தெரியேல்லை. நாளைக்கு நான் வாறன். வழக்கம் தெரியும்தானே, அட்டை எழுதின ஆள்தான் குழுவை அறிமுகப்படுத்த வேணும்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே வாளிக்காரர் வந்துவிட்டார்கள். நாலு பெண்கள், மழைக்கோட்டு, தோளில் கிற்றார்ப் பெட்டி. பாடுகிறவள்தான் ஆகச் சின்னவள். என் தோளுக்கு வந்தாள். நேரே ராக்கைக்குப் போய்த் தங்கள் வாளியைக் கண்டுபிடித்தார்கள். அட்டையை வாசித்தார்கள். 'இந்த மனிதன்' என்ற இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நிரோஜா நடந்ததை முழுக்க இங்கிலீசில் சொன்னாள். மூன்று பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடுகிறவள் சிரிக்கவில்லை. அந்த மாதிரிப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

போட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குப் பிடிபடவில்லை. தட்டு நின்றதும் நிரோஜாவிடம் ஏதோ கேட்டாள்.

"அன்ரி, தாங்கள் பாடுற மாதிரி உங்களுக்குப் பிடிக்குமோ எண்டு கேக்கிறா."

"இன்னும் இல்லை எண்டு சொல்லு."

"இதை நான் என்னெண்டு சொல்லுறது? பாவம், கடல் தாண்டி வந்திருக்குதுகள்."

"நான் சொன்னதைத்தான் நீ பதினொரு வருசமா எழுதினனி. இண்டைக்கும் சொன்னபடி சொல்லு."

சொன்னாள். அந்தப் பெண் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு வயர்களை இழுக்கப் போனாள்.

நாலு மணிக்குக் கடையில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். ராக்கைகளுக்கு இடையில் தோளோடு தோள். பாதிப்பேர் என் அட்டையை நம்பி வாங்கினவர்கள், கோட்டுக் கழற்றாத மனிதரைப் பார்க்க வந்தவர்கள். முதலாளி கதவடியில் நின்றார். லொறிக்காரரும் நின்றார். நான் முன்னால் போய் என் பிரெஞ்சில் சொன்னேன்:

"நான் இவையின்ரை பாட்டைப் பிழையான வேகத்திலை போட்டு உங்களுக்கு வித்துப் போட்டன். உறையிலை எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. வேணுமெண்டு செய்ததெண்டு ஒரு ஆளுக்குச் சொன்னன். அது பொய். றெக்கோட்டிலை பழுதில்லை. இனி அவையே பாடுவினம்."

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் திட்டவுமில்லை. ஆசிரியை பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ குசுகுசுத்தா. லொறிக்காரர் நிலத்தைப் பார்த்தார். அப்போது ட்ரம்ஸ் தொடங்கிவிட்டது.

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கண்ணுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் பாய்ந்து பாய்ந்து பாடுகிறாள். என் காதுக்குள் அந்த மனிதர் அதே பாட்டில் மெல்ல நடந்து வருகிறார். அவள் பாட்டை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டாள், அவர் இன்னும் பாதி வழியில் நிற்கிறார். எது பாட்டு, எது நான் செய்த பிழை என்று பிரிக்க முடியவில்லை. சனம் மெதுவாகத் தலையாட்டத் தொடங்கியது. முதலாளிகூட ஆட்டினார். எனக்கு மட்டும் தலை ஆடவில்லை. இல்லாத ஒரு மனிதருக்காக எனக்குக் கவலையாக இருந்தது. அவரை உருவாக்கினதே என் பிழைதான். அவருக்காக யாரிடம் போய் அழுவது?

முடிந்த பிறகு மிச்சமிருந்த தட்டு முழுக்க விற்றது. ரொறன்ரோக் கடைகளும் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. எந்த வேகத்துக்காக வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நாலு பேரும் பெட்டிகளை மூடினார்கள். புறப்படுகிறபோது அந்தச் சின்னவள் ராக்கைக்குப் போனாள். என் அட்டையை உருவி எடுத்தாள். திரும்ப ஒருதரம் வாசித்தாள். இரண்டாக மடித்து மழைக்கோட்டுப் பையில் வைத்தாள். பிறகு வெளியே போய்விட்டாள். வைத்திருக்க எடுத்தாளா, கிழித்துப்போட எடுத்தாளா என்று தெரியாது. நிரோஜாவுக்கும் தெரியவில்லை.

ராக்கையில் வாளிக்குக் கீழே இடம் வெறுமையாக இருந்தது. காட்டுகிற தட்டு ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. முதலாளி வந்து பார்த்தார்.

"அட்டை இல்லாத றெக்கோட் இதிலை இருக்கேலாது மதாம். எடுக்கிறதோ, எழுதிறதோ?"

நான் தட்டைக் கையில் எடுத்தேன். பின் அறைக்குக் கொண்டுபோகத்தான் நினைத்தேன். போகவில்லை. நிரோஜா பேனை மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்ன எழுத, அன்ரி?"

"நாப்பத்தைஞ்சிலை போடுங்கோ எண்டு முதல் எழுது. இலக்கத்திலை எழுது."

"எழுதிட்டன். பிறகு?"

நான் யோசித்தேன். நல்ல பாட்டு என்று எழுதினால் அது அவளுக்குப் பயந்து எழுதினது. நல்லதில்லை என்று எழுதினால் அது அந்த மனிதருக்காக எழுதினது.

"இதை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு எழுது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டு."

அவள் வாசித்துக் காட்டினாள். பதினொரு வருடத்தில் அவள் எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டினது அன்றைக்குத்தான் முதல் தரம். நான் தலையாட்டினேன், அவள் அட்டையைக் கீழே செருகினாள்.

நான் மாசியில் வேலையை விட்டேன். வீட்டிலும் ஒரு பிளேயர் வைத்திருக்கிறேன், வாளிக்காரருக்காக நாற்பத்தைந்தில் நிற்கிறது. அந்த அட்டை இப்போதும் ராக்கையில் நிற்கிறதாம். உங்களுக்கு இடம் போதவில்லை என்றால் என் மற்ற நாலையும் எடுத்துவிடுங்கள், குடைக்காரர் உட்பட. இந்த ஒன்றை எடுக்காமல் விடுங்கள். மை மங்கினால் நிரோஜாவிடம் சொல்லித் திரும்ப எழுதுவியுங்கள், சொல்லை மாற்றாமல். எனக்கு இன்னும் கேட்டு முடியவில்லை.